புள்ளிகளால் வரைந்த கால்வாய்

ஒல்லாந்தர் பழவேற்காட்டுக்குத் திரும்பி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நடுவில் ஊர் இங்கிலீஷ்காரர் கையில் இருந்தபோது கோட்டையை இடித்துத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு கொடிக்கம்பம் நட்டு, இரண்டு அறை உள்ள கட்டடத்தைக் கச்சேரி ஆக்கிக்கொண்டார்கள். அங்கே அதிகாரியாக இருந்தவர் ஹென்ட்ரிக் துரை. ஜாவாவிலிருந்து வந்தவர். முப்பது வயது இருக்கும்.

அந்த வருஷம் கோடையில் ஏரியின் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மணல் சேரும், மழைக்காலத்தில் அடித்துப் போகும். இந்த முறை மணல் மேடாகவே எழும்பி, ஆட்கள் அதன்மேல் நடந்து போனார்கள். கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. இறால் குஞ்சு வரவில்லை. ஏரித் தண்ணீர் வெயிலில் சுண்டி, கரையோரம் உப்புப் பூத்தது. பசியாவரம் தீவில் செத்த மீன்களை வாரிப் புதைத்தார்கள்.

ஹென்ட்ரிக் துரை ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் ஒரு பழைய அளவைப் படம் இருந்தது. ஏரி, அதற்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டு, குப்பங்கள், கோட்டை எல்லாம் அதில் இருந்தன. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வரைந்தது. படத்தின் கீழ் மூலையில் குறிகளுக்கு விளக்கம் எழுதியிருந்த பகுதியைக் கரையான் அரித்துவிட்டது. மிச்சம் இருந்தது வரைந்தவரின் கையெழுத்து மட்டும்: யான் பீட்டர்ஸ்.

"பீட்டர்ஸின் மகள் இந்த ஊரில்தான் இருக்கிறாள்" என்று கச்சேரி குமாஸ்தா பூபதி சொன்னார். "ரொட்டி சுடுகிறவள்."

கொர்நேலியாவை ஊரில் எல்லாருக்கும் தெரியும். கள் ஊற்றிப் பிசைந்த மாவில் அவள் சுடும் ரொட்டிதான் ஒல்லாந்தர் வீடுகளுக்கும் நங்கூரமிடும் கப்பல்களுக்கும் போனது. ஐம்பது வயது. புடவை கட்டி மேலே நீளக் கை வைத்த ரவிக்கை போடுவாள். ஒல்லாந்தர் அவளைத் தங்கள் வீட்டு மேஜைக்குக் கூப்பிட்டதில்லை. குப்பத்துக்காரர்கள் அவளைச் சட்டைக்காரி என்றார்கள். அவள் அம்மா மணல்திட்டில் இருக்கும் புன்னைக்குப்பத்துப் பெண். அப்பா கோட்டையில் நில அளவைக்காரர். முதல் முறை இங்கிலீஷ்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அப்பாவைக் கைதியாகக் கொண்டுபோனார்கள். பிறகு அவர் ஜாவாவில் உள்ள பத்தாவியாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. கடிதம் வரவில்லை, ஆளும் வரவில்லை. அம்மா காய்ச்சலில் செத்த பிறகு கொர்நேலியா சபையின் அனாதை விடுதியில் வளர்ந்தாள்.

கச்சேரி மேஜைமேல் படத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். அவள் குனிந்து பார்த்தாள். எழுத்து அப்பாவுடையதுதான். 'g' எழுத்தின் வால் இடது பக்கம் ஒரேயடியாக வளைந்திருந்தது.

"உன் அப்பா எல்லாவற்றையும் சுருக்கி எழுதியிருக்கிறார்" என்றார் ஹென்ட்ரிக். இருவரும் ஒல்லாந்து மொழியில் பேசினார்கள். "எனக்குப் பாதி புரிகிறது. மீதியைத் தப்பாகப் படித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது."

"மை உலர மணல் தூவுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார். அப்போது ஒவ்வொன்றையும் கேட்டிருக்கிறேன்" என்றாள் அவள். "எல்லாம் ஞாபகம் இருக்குமா தெரியவில்லை."

சிலது உடனே தெரிந்தது. தண்ணீருக்குள் எண்ணுக்குப் பக்கத்தில் 'V' என்று இருந்தால் ஃபாடெம். மீனவர்கள் பாகம் என்று சொல்லும் அதே ஆழக் கணக்கு; ஒல்லாந்தர் 'V'யை 'ஃப' என்றுதான் ஒலிப்பார்கள். 'Z' மணல். 'M' சேறு. முக்கோணத்துக்கு மேலே 'P' என்றால் பகோட், கோவில். வட்டத்துக்குள் 'P' என்றால் புட், கிணறு. வெறும் 'P' என்றால் அளப்பதற்கு நட்ட முளை. ஒல்லாந்து மொழியில் அதற்குப் பெயர் 'பால்'. தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் திட்டுகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள். சிவப்பில் இருந்த எண்கள் அவளுக்குப் புரியவில்லை. அது அலை ஏறும் உயரம் என்று ஹென்ட்ரிக் கண்டுபிடித்தார். இருவருக்கும் அந்த வேலை பிடித்துப்போயிற்று. பூபதி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் ஹென்ட்ரிக் மணல்திட்டின் மேல் விரல் வைத்தார். திட்டு மிகவும் ஒடுங்கியிருந்த இடம் அது. ஏரியிலிருந்து கடல்வரை இரண்டு வரிசைப் புள்ளிகள் போயின. நடுவில் ஒரு 'P'. பக்கத்தில் 'v.Gr.' என்று எழுதியிருந்தது. படத்தை மடித்து மடித்து அந்த இடத்தில் காகிதம் தேய்ந்திருந்தது.

"'Gr.' என்பது கிராக்ட். கால்வாய். சரியா?"

அவள் வாய்விட்டு யோசித்தாள். கிராஃப் என்றால் சமாதி, கிரென்ஸ் என்றால் எல்லை. அவற்றையும் அப்படிச் சுருக்கலாம். ஆனால் கோட்டையைச் சுற்றியிருந்த அகழிக்கும் அப்பா 'Gr.' என்றுதான் எழுதியிருந்தார். சமாதிகளுக்குச் சிலுவை போட்டிருந்தார். நவாப்பின் எல்லைக்குக் கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தது.

"கால்வாய்தான்" என்றாள்.

"'v.' என்பது ஃபோர்மாலிக். முன்பு இருந்தது. அதாவது பழைய கால்வாய், தூர்ந்துபோனது. அதனால்தான் புள்ளி. இல்லையா?"

"அப்படித்தான் இருக்கும்."

ஹென்ட்ரிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அடைத்த முகத்துவாரத்தையே தோண்டினால் அலை மறுபடி மணலை வாரி மூடிவிடும். ஒருகாலத்தில் ஓடிய கால்வாய் என்றால் அடியில் இளகிய மணல்தான் இருக்கும். இருக்கிற கூலிகளை வைத்தே ஐப்பசி மழைக்கு முன்னால் தோண்டிவிடலாம். ஏரிக்குக் கடல் தண்ணீர் வந்துவிடும்.

அந்த இடத்தில் புன்னைக்குப்பம் இருந்தது என்பது இருவருக்கும் தெரியும். துரை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

*

இரண்டு நாள் கழித்துக் கோதண்டம் வந்தான். கொர்நேலியாவின் சித்தி மகன். புன்னைக்குப்பத்தில் இப்போது அவன் பேச்சுதான் எடுபடும். வருஷத்துக்கு ஒருமுறை கருவாடு கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர அவன் அவள் வாசலுக்கு வந்ததில்லை. வந்தவன் உள்ளே வராமல் ரொட்டி அடுப்புக்கு வெளியே நின்றான்.

"இன்னாக்கா, எங்க குப்பத்து நடுவால முன்னே கால்வா ஓடுச்சுன்னு நீதான் சொன்னியாமே?"

"படத்துல அப்படி இருக்கு, கோதண்டம்."

"படத்துல இருந்தா? எங்க நைனா பாக்கல, அவங்க நைனா பாக்கல. யாருமே பாக்காத கால்வாய உங்கப்பன் மட்டும் பாத்தானா?"

அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஏரி செத்துக்கிட்டிருக்கு. எங்கியாவது வெட்டித்தானே ஆவணும்?"

"வெட்டட்டும், யார் வேணாம்னா? எங்க ஊட்டு மேலயா? எங்க கெணத்து மேலயா?" அவன் குரலை இறக்கினான். "அக்கா, அந்த எழுத்துக்குச் சமாதினும் அர்த்தம் இருக்காமே. பூபதி சொன்னாரு. அத சொல்லிடு. பொணம் பொதைச்ச எடம்னா தொரை கை வெக்கமாட்டான்."

"எங்கப்பா சமாதிக்குச் சிலுவை போடுவாரு. தொரையும் அதைப் பாத்துட்டாரு."

"நாங்க இன்னா சிலுவையா நடறோம்?"

"இல்லாதத சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

"ஒங்கம்மா அந்தத் தண்ணிய குடிச்சி வளந்தவ" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அன்று சுட்ட ரொட்டி ஒரு பக்கம் கருகியது. கோதண்டம் கேட்ட பொய் அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. கிணற்றைப் பற்றி அவன் சொன்னதுதான் உறுத்தியது. குப்பத்துக்கு நடுவில் ஒரு கிணறு இருக்கிறது. சின்ன வயதில் அம்மா அவளைக் குளிப்பாட்டிய கிணறு. அப்பாவின் படத்தில் அந்தக் கிணறு எங்கே? வட்டத்துக்குள் 'P' புன்னைக்குப்பத்தில் எங்கும் இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அப்பா கிணற்றை விடுகிறவர் அல்ல. குடிதண்ணீர் எங்கே என்பதைத்தான் முதலில் குறிப்பார்.

மறுநாள் கச்சேரிக்குப் போய்ப் படத்தை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்றாள். புள்ளிகளுக்கு நடுவில் இருந்த 'P' எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மடிப்பு சரியாக அந்த எழுத்தின் மேலேயே ஓடியது. எழுத்தைச் சுற்றி வட்டம் இருந்ததா, தேய்ந்துபோயிற்றா என்று சொல்ல முடியவில்லை.

"அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும்" என்றாள்.

"நானும் வருகிறேன்" என்றார் ஹென்ட்ரிக். "எப்படியும் முளை அடிக்கப் போகவேண்டும்."

*

புன்னைக்குப்பத்தில் யாரும் அவர்களை வா என்று சொல்லவில்லை. பெண்கள் வலை உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோதண்டத்தின் மனைவி இருசம்மாள் மட்டும் துரை உட்கார ஒரு மோடாவைத் தூக்கிவந்து போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

அளப்பதற்கு ஓர் ஆரம்பம் வேண்டும். படத்தில் முக்கோணத்தோடு இருந்த 'P' குப்பத்தின் தெற்கு ஓரத்து அம்மன் கோவில். அது அசையாமல் அதே இடத்தில் இருந்தது. அங்கிருந்து புள்ளிகளுக்கு நடுவிலிருந்த 'P' வரை எவ்வளவு என்று ஹென்ட்ரிக் படத்தில் அளந்து, கயிற்றில் அதே கணக்கில் முடிச்சுப் போட்டார். கூலி ஒருவன் கயிற்றைக் கோவில் வாசலில் பிடித்துக்கொண்டான். கொர்நேலியா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு திசைகாட்டி சொன்ன பக்கம் நடந்தாள்.

கயிறு முடிந்த இடத்தில் கிணற்றின் கைப்பிடிச் சுவர் அவள் காலில் இடித்தது.

ஹென்ட்ரிக் ஒருமுறை திரும்பவும் அளந்தார். கயிறு அங்கேயே வந்து நின்றது.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அடுக்கிய செங்கல் தட்டையாக, பெரிதாக இருந்தது. கோவில் அடித்தளத்திலும் அதே கல். கோட்டை கட்டிய கல் அப்படி இருக்காது. யார் எப்போது கட்டினார்கள் என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை. குப்பம் வந்தபோதே கிணறு இருந்தது என்றார்கள்.

"கால்வாய் ஓடியிருந்தால் இந்தக் கிணறு அதற்கு நடுவில் நிற்காது" என்றாள் கொர்நேலியா.

ஹென்ட்ரிக் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரும்புக் கம்பியைக் கொண்டுவரச் சொல்லி, புள்ளிகள் போகும் பாதையில் அங்கங்கே இறக்கிப் பார்த்தார். மேலே கொஞ்சம் மணல். அதற்குக் கீழே கிளிஞ்சல் படிந்த களி, அடுக்கடுக்காக, கெட்டியாக இருந்தது. யாரும் ஒருபோதும் கிளறாத மண். நாலாவது இடத்தில் கம்பி வளைந்தபோது அவர் கையை உதறிக்கொண்டு நின்றார்.

"அப்படியானால் 'v.' ஃபோர்மாலிக் அல்ல" என்றார்.

"ஃபோர்கெனோமென்" என்றாள் அவள். "வெட்ட நினைத்தது. அப்பா இருப்பதற்குக் கோடு போடுவார். இனிமேல் வரப்போவதற்குப் புள்ளி வைப்பார். முதல் நாளே எனக்கு இது ஞாபகம் வந்திருக்கவேண்டும்."

சுற்றி நின்றவர்களுக்கு ஒல்லாந்து மொழி புரியவில்லை. இருசம்மாள் கேட்டாள்: "இன்னா சொல்றாரு தொரை?"

"இங்க கால்வா எப்பவும் இருந்ததில்லைன்னு."

கோதண்டம் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தான். "அதத்தானே நான் சொன்னேன்?"

ஆனால் ஹென்ட்ரிக் படத்தை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஏரிப் பக்கமும் கடல் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் அப்பா கெட்டிக்காரர்" என்றார். "திட்டு முழுவதும் அளந்துவிட்டு, வெட்ட இதுதான் சரியான இடம் என்று முடிவு செய்திருக்கிறார். இது எவ்வளவு ஒடுக்கம் பார். களிமண் என்றால் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வெட்டிய கரையும் சரியாது. இங்கேதான் வெட்டவேண்டும்."

எழுத்தைச் சரியாகப் படித்துவிட்டால் குப்பம் தப்பித்துவிடும் என்று கொர்நேலியா தன்னை அறியாமலே நம்பியிருந்தாள். அப்பா கிணற்றைப் பார்த்திருக்கிறார், வட்டம் போட்டு எழுதியிருக்கிறார், அதன்பிறகும் இரண்டு வரிசைப் புள்ளிகளை அதன் இரு பக்கமும் வைத்திருக்கிறார். அது தன் பெண்டாட்டி பிறந்த ஊர் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அம்மாவை முதலில் பார்த்ததே இந்தக் கிணற்றடியிலாகக்கூட இருக்கலாம். படத்தில் அதற்குக் குறி எதுவும் கிடையாது.

"கிணறு உப்பாகிவிடும்" என்றாள். "திட்டு முழுக்க வேறு நல்ல தண்ணீர் கிடையாது."

"ஏரியைச் சுற்றி எத்தனை ஊர் இருக்கிறது தெரியுமா? எல்லாரும் மீன் இல்லாமல் எங்கே போவார்கள்?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"வேறு இடம் காட்டினால்?"

"காட்டு."

*

அவள் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டாள். கொடுக்க மாட்டார் என்று நினைத்தாள், கொடுத்துவிட்டார். மறுநாள் ரொட்டி போடவில்லை. மாவு பிசையும் பலகையைக் கழுவி, அதன்மேல் படத்தை விரித்தாள்.

இதுவரை அவள் அப்பா என்ன நினைத்தார் என்றுதான் தேடியிருந்தாள். இப்போது அதை விட்டுவிட்டு, அவர் அளந்து எழுதிய எண்களை மட்டும் பார்த்தாள். ஏரி ஓரமாக 'V' எண்களைத் தொடர்ந்து வடக்கே போனாள். அரை, அரை, கால், அரை. புன்னைக்குப்பத்தைத் தாண்டி நெடுந்தூரம் போனபிறகு ஓர் இடத்தில் திடீரென்று ஒன்றரை. ஏரிக்குள் ஒரு பள்ளம் திட்டை ஒட்டி வந்திருந்தது. அங்கே திட்டின்மேல் 'Z' மட்டும் இருந்தது, மணல். கிணறு இல்லை, கோவில் இல்லை, ஒரு குடிசைக்கான கட்டமும் இல்லை. ஆனால் திட்டு அங்கே அகலம். புன்னைக்குப்பத்தைப்போல இரண்டு மடங்கு.

ஹென்ட்ரிக் அதைப் பார்த்து வெகுநேரம் கணக்குப் போட்டார். "வெட்டலாம்" என்றார் கடைசியில். "பள்ளம் இருப்பதால் தண்ணீர் வேகமாக இழுக்கும். இந்த இடம் நல்ல இடம்தான். ஆனால் என்னிடம் உள்ள ஆட்களை வைத்து மழைக்கு முன்னால் பாதிகூட முடியாது. இன்னும் ஆட்கள் வேண்டும் என்று நான் ஜாவாவுக்கு எழுதிக் கேட்டால் பதில் வர வருஷம் ஆகும்."

"ஆள் நான் கேட்டுப் பார்க்கிறேன்."

"யாரிடம்?"

"ஏரி யாருக்கு வேண்டுமோ அவர்களிடம்."

*

பசியாவரம் ஏரிக்கு நடுவில் இருக்கும் தீவு. அங்கே ஊருக்குத் தலைமையான பெரியதனக்காரர் சிங்காரம். புன்னைக்குப்பத்துக்கும் பசியாவரத்துக்கும் நெடுநாள் சண்டை. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்ற முறைக்குப் பாடு என்று பெயர். பழைய முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல பாடுகளைப் புன்னைக்குப்பத்துக்காரர்களே வைத்துக்கொண்டார்கள் என்பது சண்டைக்குக் காரணம்.

கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் சிங்காரமும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். பிடிக்க மீன் இல்லாததால் வலையை மூன்றாவது முறையாகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொர்நேலியா வந்த விஷயத்தைச் சொன்னாள்.

சிங்காரம் சிரித்தார். "கால்வா வெட்றதுனு தொரை சொல்லிட்டாரு. வெட்னா எங்களுக்குத் தண்ணி வரும். எங்க வெட்னா எங்களுக்கு இன்னாம்மா? அவனுங்க ஊட்ட காப்பாத்த நாங்க போய் மண்ணு வாரணுமா?"

"அவங்க கெணறு உப்பாயிடும்."

"ஆவட்டும்."

"ஆனா அவங்க எங்க போவாங்க?"

"எங்கியாவது போறாங்க."

"எங்கியாவதுன்னா எங்க? ஆரம்பாக்கத்துப் பக்கம் போய் நெலத்த உழுவாங்களா? அவங்களுக்கு ஏரியும் கடலும்தான் தெரியும். நல்ல தண்ணி இருக்கற கிட்டத்து எடம் உங்க தீவு. பொண்டு புள்ளையோட படகுல ஏறி வந்து எறங்குனா நீங்க வெரட்டுவீங்களா?"

வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. பசியாவரத்தில் இருந்த ஊற்றே அவர்களுக்குப் போதாது. சித்திரையில் பெண்கள் ஒரு குடத்துக்குக் காத்துக்கிடப்பார்கள்.

சிங்காரம் தாடையைச் சொறிந்தார். "வந்தவங்கள வெரட்ட முடியாது" என்றார். "அது முடியாது." கொஞ்சம் பொறுத்து, "எங்க ஆளு மண்ணு வாருவான். ஆனா புது முகத்துவாரத்துல மொதல் பாடு எங்களுது. கோதண்டம் வந்து அத தன் வாயால சொல்லணும்" என்றார்.

புன்னைக்குப்பத்துக்குப் போய்க் கோதண்டத்திடம் அதைச் சொன்னபோது அவன் எழுந்தே விட்டான். "மொதல் பாடா? அவனுங்களுக்கா? எங்க தாத்தன் காலத்துலேர்ந்து முகத்துவாரம் எங்க கையில. அத தூக்கிக் குடுத்துட்டு இந்த ஊர்ல நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன்?"

"நீ இன்னாக்கா, அவங்களுக்குப் பேச வந்தியா எங்களுக்குப் பேச வந்தியா?" என்று இன்னொருவன் பின்னாலிருந்து கத்தினான்.

அந்தக் கேள்வி கொர்நேலியாவுக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து இரண்டு பக்கமும் கேட்டதுதான்.

பேசியது இருசம்மாள். கிணற்றடியில் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். "தலை நிமிந்து நடக்கறது இருக்கட்டும்யா. நாளைக்கு இந்தக் கொடத்துல இன்னாத்த மொள்ளுவேன்? முகத்துவாரத்துப் பாட்டயா?"

யாரோ சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை படகைத் தள்ளிக்கொண்டு பசியாவரம் போனான். என்ன பேசினார்கள் என்று கொர்நேலியாவுக்குத் தெரியாது. அவன் திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

*

ஆவணியில் வேலை ஆரம்பமாயிற்று. இரண்டு ஊர்க்காரர்களும் முதலில் தள்ளித் தள்ளியே வெட்டினார்கள். பசியாவரம் ஏரிப் பக்கத்திலிருந்து, புன்னைக்குப்பம் கடல் பக்கத்திலிருந்து. துரையின் கூலிகள் நடுவில். பெண்கள் கூடையில் மண் சுமந்து ராவணன் மீசைப் புல் முளைத்த மேட்டில் கொட்டினார்கள். இரண்டு ஊருக்கும் கஞ்சி தனித்தனியாகக் கொதித்தது.

புரட்டாசியில் ஒரு நாள் காற்று திரும்பி, கடல் பொங்கி வந்து, புன்னைக்குப்பத்தார் வெட்டியதில் பாதியை மூடிவிட்டது. கரை சரிந்ததில் தங்கவேல் என்பவன் இடுப்புவரை மணலில் புதைந்தான். பசியாவரத்து ஆட்கள்தான் ஓடிவந்து கையாலேயே மணலைத் தோண்டி அவனை வெளியே இழுத்தார்கள். அவனுக்குக் கால் பிசகியிருந்தது. அதற்குப் பிறகு யார் எந்தப் பக்கம் வெட்டுவது என்று யாரும் பார்க்கவில்லை. சரிந்ததை எல்லாரும் சேர்ந்து மறுபடியும் அள்ளினார்கள். ஹென்ட்ரிக் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பனை மட்டைகளைக் கரையில் பதிக்க ஆள் சேர்த்தார். அந்த யோசனை சிங்காரத்துடையது.

கொர்நேலியா இரண்டு நாளுக்கு ஒருமுறை படகில் வந்தாள். துரை சொல்வதைத் தமிழிலும் மற்றவர்கள் சொல்வதை ஒல்லாந்திலும் சொல்வது அவள் வேலை. வசவுகளை மட்டும் விட்டுவிடுவாள். படத்தை இப்போது யாரும் பிரிப்பதில்லை. அது தேவைப்படவில்லை.

ஐப்பசியின் முதல் மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. வடக்கே ஆறுகளிலிருந்து வெள்ளம் வந்து ஏரி ஏறியது. கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இன்னும் ஒரு சுவரளவு மணல் மிச்சம் இருந்தது. அதை வெட்ட ஆட்கள் இறங்குவதற்கு முன்பே ஏரித் தண்ணீர் அதன்மேல் ஒரு விரல் தடிமனுக்கு வழிய ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் கையளவு ஆனது, கை ஆளளவு ஆனது. பிறகு மணல் முழுவதும் ஒரே தடவையாகக் கடலுக்குள் போயிற்று. பழுப்புத் தண்ணீர் அலைக்குள் நெடுந்தூரம் ஓடியது. எல்லாரும் மழையில் நின்று கத்தினார்கள். கோதண்டம் சிங்காரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்திருப்பது தெரிந்ததும் விட்டுவிட்டான்.

கொர்நேலியா கொஞ்சம் தள்ளி நின்றாள். அப்பா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்தாள். இடம் தப்பு என்று சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

மழை விட்டபிறகு கடல் தண்ணீர் உள்ளே வந்தது. தை மாதம் இறால் வந்தது. முதல் பாடு பசியாவரத்துக்கு. புன்னைக்குப்பத்தார் கரையில் நின்று பார்த்தார்கள், முணுமுணுத்தார்கள், ஆனால் வலையை இறக்கவில்லை. மறுநாள் அவர்கள் முறை.

மாசியில் ஹென்ட்ரிக் புதுப் படம் ஒன்று வரைந்தார். புதிய முகத்துவாரத்துக்குப் பெயர் எழுதவேண்டும் என்று கொர்நேலியாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் இரண்டு ஊரிலும் விசாரித்துவிட்டு வந்தாள்.

"புன்னைக்குப்பத்தில் அதற்குப் பசியாவரத்தான் வெட்டு என்று பெயர்" என்றாள். "பசியாவரத்தில் கோதண்டம் வெட்டு என்று சொல்கிறார்கள்."

ஹென்ட்ரிக் பேனாவை மையில் தோய்த்தபடியே நிறுத்தினார். "இரண்டும் வேறு ஊர்க்காரன் பெயராக இருக்கிறதே. எதை எழுதுவது?"

"எனக்குத் தெரியவில்லை" என்றாள். "நான் கேட்டபோது இரண்டு பக்கமும் சண்டைக்கு வந்தார்கள். அவரவர் சொன்ன பெயர்தான் வேண்டுமாம்."

அவர் சிரித்துவிட்டு, பெயர் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார். அவள் ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கச்சேரி வாசலில் இருசம்மாள் ஒரு கூடை இறாலோடு நின்றிருந்தாள். கப்பல்காரர்களிடம் விற்க வந்தவள், வழி தெரியவில்லை என்றாள். இருவரும் சேர்ந்து துறைப் பக்கம் நடந்தார்கள்.